ஸ்டோரிவில் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் சமூக வரலாறு பயிலும் மாணவர்கள், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1898 முதல் 1917 வரை இயங்கிய ஸ்டோரிவில் என்னும் விபசார விடுதிப் பகுதியைப் பற்றி எழுதும்போது, முதலில் சறுக்குவது சட்டத்தில்தான். இலங்கையின் 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விடுதி நடத்துவதையே குற்றமாக்கியது. அதை அறிந்தவர்கள், ஸ்டோரிவில்லில் நேர்மாறாகத் தொழிலுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கப்பட்டதாக எண்ணிவிடுகிறார்கள். நகரசபை உறுப்பினர் சிட்னி ஸ்டோரி முன்மொழிந்து 1897இல் நிறைவேறிய சட்டம், குறித்த எல்லைக்கு வெளியே அத்தொழிலைத் தடுத்ததே தவிர, எல்லைக்குள் அதனைச் சட்டபூர்வமாக்கவில்லை.

இதனினும் பெரிய தவறு, அக்காலத்தில் விற்பனையான ‘நீலப் புத்தகம்’ என்ற சிறு கையேட்டை நம்பத்தக்க ஆவணமாகக் கொள்வது. பெண்களின் பெயர்களை வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர் என்று இனவாரியாகக் குறித்த அந்தக் கையேடு, அப்பகுதியின் பேசின் வீதியிலிருந்த விடுதி மாளிகைகளின் அலங்காரத்தையும் தளபாடங்களையும் வாயாரப் புகழ்கிறது. அது வாடிக்கையாளரை ஈர்ப்பதற்காக அச்சிடப்பட்ட விளம்பரம்; கட்டில் ஒன்று போடுமளவே இடமிருந்த வாடகை அறைகளில் பிழைத்த ஏழைப் பெண்களின் வாழ்க்கையை அதில் தேடிப் பயனில்லை. மாளிகைகளை மட்டும் வருணித்து முடியும் கட்டுரை, என் பார்வையில், அந்த விளம்பரத்தையே மறுபடி அச்சிடுகிறது.

ஜாஸ் இசை ஸ்டோரிவில்லில் பிறந்தது என்பதும் மிகைக்கூற்று. அங்கே பியானோ கலைஞர்கள் வாசித்தது உண்மையே. ஆனால் அவ்விசை நகரெங்கும் நடன மண்டபங்களிலும் ஊர்வலங்களிலும் மரண வீடுகளிலும் வளர்ந்தது. அவ்வாறே, 1917 நவம்பரில் கடற்படையின் அழுத்தத்தால் அப்பகுதி மூடப்பட்டதோடு தொழிலும் ஒழிந்தது என்று எழுதலாகாது. அது நகரின் வேறு தெருக்களுக்கு இடம்பெயர்ந்தது.

அங்கிருந்த பெண்களை வாயற்றவர்களாகச் சித்திரிப்பதுதான் மிகவும் வருத்தத்துக்குரியது. 1917இன் தொடக்கத்தில், கறுப்பினப் பெண்கள் அப்பகுதியை விட்டு வெளியேற வேண்டுமென மாநகர சபை கட்டளையிட்டபோது, விடுதி நடத்திய வில்லி பியாஸா என்பவர் அதனை எதிர்த்து வழக்காடி, லூசியானா மாநில உயர் நீதிமன்றம் வரை சென்று வென்றார். இத்தகைய வழக்கேடுகளை முதலில் வாசித்துவிட்டு, கையேட்டை அதன் பிறகு எடுப்பதே முறை.