தைலமரத்தில் பூஞ்சாண நோய்: மருந்தடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

தைலமரத்துக்கு நோயே வராது, நட்டுவிட்டு நாலைந்து வருசம் கழித்துப் போய் வெட்டினால் போதும் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை மாதிரி வறண்ட பக்கம் அது பாதி உண்மைதான். பூஞ்சாணத்துக்கு வேண்டியது ஈரம், அங்கே அது சில மாதம்தான் இருக்கும். ஆனால் அந்த ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் இளங்கன்று காலியாகும்.

கன்று வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும். விலை குறைவு என்று ஒரு நர்சரியில் ஈரம் சொட்டச் சொட்ட இருந்த குளோன் நாற்றை (விதையில் வராமல், ஒரு தாய்மரத்தின் கிளைத்துண்டை வேர்விட வைத்து எடுத்த கன்று) நான் வாங்கி வந்தேன். நட்ட மூன்றாவது வாரம் பார்த்தால் தண்டின் அடி கறுத்து, வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தது. இப்போது எங்கே போனாலும் நாலு நாற்றைக் குழித்தட்டிலிருந்து உருவிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. வேர் வெள்ளையாக இருக்க வேண்டும், தண்டின் அடியை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும், பழுப்பாக இருந்தால் அந்தத் தட்டையே விட்டுவிடுங்கள். தட்டு தரையில் கிடக்கிறதா, ஸ்டாண்டில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள், தரையில் கிடந்தால் தண்ணீர் ஊற்றும்போது மண் தெறித்து நோய் ஏறும்.

அப்புறம் இலைக்கருகல். கேரளாவில் மழை கொட்டும் பகுதித் தோட்டங்களில் சிலிண்ட்ரோகிளாடியம் என்ற பூஞ்சாணம் செய்த வேலையை அங்குள்ள வன ஆராய்ச்சி நிலையம் 1980-களிலேயே எழுதி வைத்திருக்கிறது. கீழ் இலையில் வெந்நீர் பட்டது போலச் சாம்பல் நிறப் புள்ளி விழும், அது பழுப்பாகிப் பரவி, இலை கொட்டிக்கொண்டே மேலே போகும். சந்தேகமாக இருந்தால் ஒரு இலையைப் பறித்து, நனைத்த பஞ்சோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி நிழலில் இரண்டு நாள் வையுங்கள். புள்ளி மேல் வெள்ளையாகப் பொடி பூத்தால் பூஞ்சாணம்தான் என்று எடுத்துக்கொள்ளலாம், ஒன்றுமே வராவிட்டால் பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சமோ சத்துக் குறைவோதான். நாற்றங்காலில் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி அடியுங்கள், அடுத்த முறை அதையே அடிக்காமல் லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள், சாயங்காலம் ஊற்றினால் இலை ராத்திரி முழுக்க ஈரத்தில் நிற்கும்.

இலை நரம்பிலும் காம்பிலும் கொப்புளம் கொப்புளமாக வீங்கியிருந்தால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். அது பூஞ்சாணமே இல்லை, 2000-களின் தொடக்கத்தில் நம் பக்கம் வந்த ஒரு சின்னக் குளவியின் வேலை. பூஞ்சைக்கொல்லி அடித்தால் காசுதான் போகும்.

பெரிய மரத்தில் பார்க்க வேண்டியது பட்டை. கன்னியாகுமரியில் ரப்பர் வைத்திருப்பவர்களுக்குப் பிங்க் நோய் தெரியும், அதே பூஞ்சாணம்தான் இங்கேயும் வருகிறது. கிளை பிரியும் இடத்தில் சிலந்தி வலை போல ஆரம்பித்து, இளஞ்சிவப்பாகப் படிந்து, பட்டை வெடித்து, அதற்கு மேலே உள்ளது காயும். காய்ந்த கிளையை நோய்க்கு ஒரு சாண் கீழே வெட்டி எரித்துவிட்டு, வெட்டுவாயில் போர்டோ பசை பூசுங்கள். 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பழைய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள், செம்பு நிறம் ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும்.

இரண்டு வருசம் தாண்டிய மரத்துக்கு ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு போவது வீண், எட்டாது, கட்டுப்படியும் ஆகாது. அதனால் பத்து ஏக்கருக்கும் ஒரே குளோனை நடாமல், இரண்டு மூன்று குளோன்களைத் தனித்தனிப் பாத்தியாக நடுங்கள், ஒன்றுக்கு நோய் பிடித்தாலும் மற்றது நிற்கும்.

மறுதாம்பு விடுகிறவர்கள், அதாவது வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மரத்தை மறுபடி தளிர்க்க விடுகிறவர்கள், வெட்டு ஆட்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தரையிலிருந்து ஒரு உள்ளங்கை அளவு உயரம் விட்டு, பட்டை கிழியாமல், மழைத் தண்ணீர் வழிந்து ஓடும்படி சரிவாக வெட்டச் சொல்லுங்கள், அடிக்கட்டையில் தண்ணீர் தேங்கினால் அழுகல் அங்கிருந்துதான் இறங்கும். மழைக்காலத்தில் மட்டும் வெட்டக் கொடுக்காதீர்கள், வியாபாரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.