காலேஜ் பேஸ்பால் கோச்சுக்கு மெயில் போடறதுக்கு முன்னாடி

அமெரிக்காவுல ஹைஸ்கூல்ல பேஸ்பால் ஆடுற பசங்களோட பேரன்ட்ஸுக்கு ஒரு சின்ன டிப். பையன் 11வது போற வருஷம் ஆகஸ்ட் 1 வரைக்கும் டிவிஷன் 1 (மூணு மட்டத்துல மேல் மட்டம்) கோச்சுங்க அவன்கிட்ட ரெக்ரூட்டிங் (காலேஜ் டீமுக்கு ஆள் எடுக்கறது) பத்தி பேசக்கூடாதுன்னு என்சிஏஏ (காலேஜ் விளையாட்டுக்கான அமைப்பு) ரூல், அதனால 10வதுல போட்ட மெயிலுக்கு பதில் வரலைன்னு மூஞ்சிய தொங்கப்போடாதீங்க, பையன் அனுப்பறதுக்கு தடை ஒண்ணும் இல்ல.

மெயில பையனே எழுதணும், நீங்க இல்ல. சப்ஜெக்ட் லைன்லயே "2028, கேட்சர், டல்லாஸ், ஜிபிஏ 3.7" இப்படி ஹைஸ்கூல் முடிக்கிற வருஷம், ஆடுற பொசிஷன், ஊர், ஜிபிஏ (மார்க் சராசரி) எல்லாம் போட்டுடணும், கோச் போன்ல தள்ளிட்டே போகும்போது கண்ணுல படணும்ல. வீடியோ ரெண்டு நிமிஷம் போதும், பாட்டு, எஃபெக்ட்டு எல்லாம் வேணாம் (பசங்க கேக்க மாட்டாங்க, சொல்லிப் பாருங்க). கேட்சர்னா (பேட்டருக்குப் பின்னாடி உக்காந்து பந்த பிடிக்கிறவன்) பந்து அவன் மிட்டுல (கிளவுஸ்ல) விழுறதுல இருந்து செகண்ட் பேஸ்ல நிக்கிறவன் கைக்குப் போய் சேர்ற வரைக்கும் கட் பண்ணாம எடுங்க, அந்த நேரத்த, அதாவது பாப் டைம, கோச்சே ஸ்டாப்வாட்ச் வச்சு பாத்துக்குவார்.

மார்க்க விட்றாதீங்க, டிவிஷன் 1க்கு ஹைஸ்கூல்ல 16 கோர் கோர்ஸ் (இங்கிலீஷ், கணக்கு மாதிரி முக்கிய பாடங்க), அதுல குறைஞ்சது 2.3 ஜிபிஏ வேணும். டிவிஷன் 3ல ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஆனா மார்க் நல்லா இருந்தா படிப்புக்கான உதவித்தொகைக்கு வழி இருக்கு. ஜூனியர் காலேஜையும் (ரெண்டு வருஷ காலேஜ், கம்யூனிட்டி காலேஜும் இந்த வகைதான்) இளக்காரமா பாக்காதீங்க, மேஜர் லீக்ல பெரிய ஸ்டாரான ஆல்பர்ட் பூஹோல்ஸே மிசூரில ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல ஆடிட்டு 1999 டிராஃப்ட்ல (மேஜர் லீக் டீமுங்க ரவுண்டு ரவுண்டா ஆள் எடுக்கறது) 13வது ரவுண்டுலதான் போனார்.