எட்டு மாதப் பிள்ளையோடு கப்பலில் அறை எடுத்த கதை

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணா நாலு நாள் கப்பல் பயணத்துக்குக் கூப்பிட்டபோது மகளுக்கு எட்டு மாதம். பல கப்பல்களில் ஆறு மாதம் முடியாத பிள்ளையை ஏற்றமாட்டார்கள், அதனால் வயதில் சிக்கல் இல்லை. சிக்கல் அறையில்தான். கிளிநொச்சியில் இருந்தபடி போனிலேயே பதிவு செய்தேன், பல்கனி இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர அறை எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. பிறகு தள வரைபடத்தை விரித்தால் மேல்தளத்தில் முன்பக்கம், தலைக்கு மேலே நீச்சல் தடாகம். கதிரை இழுக்கிற சத்தத்தில் பிள்ளை எப்படி நித்திரை கொள்ளும்? கப்பல் ஆடுகிற ஆட்டமும் அங்கேதான் கூட.

அன்றைக்கே மாற்றினோம். கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம், மேலேயும் கீழேயும் அறைகள் மட்டும், பக்கத்து அறைக்குப் போகும் இடைக்கதவும் இல்லை. யன்னல் கிடையாது, ஆனால் பகல் நித்திரைக்கு அந்த இருட்டு அவ்வளவு உதவியது, காசும் குறைவு.

அடுத்தது ஏணை. மகள் அம்மம்மாவின் சேலை ஏணையில்தான் படுத்துப் பழகியவள், கப்பல் அறையில் ஏணை கட்டக் கூரை வளைக்கு எங்கே போவது? தொட்டில் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டேன், போக மூன்று கிழமைக்கு முன்பே தட்டையான மெத்தையில் படுக்கப் பழக்கினோம். முதல் இரவு அழுதாள். இரண்டாம் இரவு விடியும்வரை அசையவில்லை. குளியலறையில் ஷவர் மட்டும்தான், அதனால் காற்றடிக்கிற சின்னத் தொட்டி ஒன்று கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்று.