டோலமைட் மலையில் டென்ட்: போர்ச் சுரங்கம் பார்க்க ஒரு முதல் பயணம்

ஆல்ப்ஸ் என்றதும் நமக்கு சுவிட்சர்லாந்துதான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கும் டோலமைட் மலைகளைப் பற்றி. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. முதல் உலகப் போரில் பாறைக்குள் குடைந்து சண்டை போட்ட இடங்களை இங்கே இன்றும் நடந்தே பார்க்கலாம். டென்ட் போட்டுப் பழக்கமே இல்லாதவர்களுக்கான நான்கு இரவுத் திட்டம் இது.

படி 1: ஒரே ஒரு மலை

முதல்முறை போகிறவர்கள் நாலு நாளில் ஐந்து மலை என்று பட்டியல் போடுவார்கள். பாதி நேரம் பஸ் ஸ்டாப்பில் போய்விடும். லகாத்ஸுவோய் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரம் ஃபால்த்ஸாரேகோ கணவாய், 2,105 மீட்டர். உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மலைவிடுதி 2,752 மீட்டரில்.

போகும் முன் கதையைத் தெரிந்துகொண்டால்தான் அங்கே பார்ப்பது புரியும். 1915 மே மாதம் இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் தொடுத்தது. லகாத்ஸுவோயின் உச்சி ஆஸ்திரியர்கள் கையில். அதே அக்டோபரில் இத்தாலிய மலைப்படை வீரர்கள் உச்சிக்குக் கீழே செங்குத்துப் பாறையில் நீண்டிருந்த ஒரு விளிம்பில் ஏறி ஒட்டிக்கொண்டார்கள். தளபதி மார்ட்டினியின் பெயரில் அது இன்றும் மார்ட்டினி விளிம்பு. மேலே இருப்பவன் கல்லை உருட்டினாலே போதும், ஆனாலும் இவர்கள் இறங்கவில்லை. நேருக்கு நேர் தாக்க வழியில்லாததால் இரு தரப்பும் மலையைக் குடைய ஆரம்பித்தன. மேலிருந்து ஆஸ்திரியர்கள் வெடிவைத்து விளிம்பைச் சரிக்கப் பார்த்தார்கள். கீழிருந்து இத்தாலியர்கள் சுரங்கம் தோண்டிக்கொண்டே ஏறினார்கள். எதிரி குடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. சத்தம் நின்றால் வெடிமருந்து அடுக்குகிறார்கள் என்று அர்த்தம். 1917 ஜூன் 20 அன்று இத்தாலியர்கள் 30 டன்னுக்கும் மேற்பட்ட வெடிமருந்தைக் கொளுத்தினார்கள். மலையின் ஒரு பகுதியே இடிந்து விழுந்தது. அந்தச் சரிவை இன்றும் கணவாயில் நின்றே பார்க்கலாம். இத்தனை செய்தும் அந்த இலையுதிர் காலத்தில், கபோரெட்டோ என்ற இடத்தில் ஆஸ்திரிய-ஜெர்மானியப் படைகளிடம் தோற்ற பிறகு, இத்தாலியப் படை இந்த மலைகளைக் காலி செய்துவிட்டுப் போனது.

படி 2: தேதி

ஜூலை முதல் பாதி அல்லது செப்டம்பர் முதல் பாதி. ஜூனில் நிழலான சரிவுகளில் பனி கிடக்கலாம். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களில் இத்தாலியே விடுமுறையில் மலையேறிவிடும். இடமும் கிடைக்காது, விலையும் எகிறும். இந்தியாவிலிருந்து வருபவர்கள் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

படி 3: டென்ட் மலைமேல் இல்லை, கீழே

பலர் ஏமாறும் இடம் இதுதான். போட்டோக்களில் வருவதுபோல ஏரிக்கரையில் நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க முடியாது. கோர்ட்டினா தாம்பெத்ஸோ ஊரைச் சுற்றியுள்ள இயற்கைப் பூங்காவில் அதற்குத் தடை. கோர்ட்டினாவில் முறையான கேம்பிங் தளங்கள் இருக்கின்றன: வடக்கே ஃபியாமெஸ் பக்கம், தெற்கே காம்போ பக்கம். வெந்நீர், கழிப்பறை, துணி துவைக்க இடம் எல்லாம் உண்டு. மூன்று இரவு அங்கே, ஒரு இரவு லகாத்ஸுவோய் விடுதியில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விடுதியில் பொதுப் படுக்கை அறைகள் உண்டு, ஆனால் முன்பதிவு இல்லாமல் போகவே போகாதீர்கள்.

வெனிஸ் மெஸ்த்ரே ரயில் நிலையத்திலிருந்து கோர்ட்டினாவுக்கு நேரடி பஸ் இருக்கிறது. அங்கிருந்து கோடையில் கணவாய்க்கும் பஸ் உண்டு. கார் தேவையில்லை.

படி 4: பை

கோர்ட்டினாவே 1,200 மீட்டர் உயரம். ஜூலை இரவிலும் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு அல்லது மூன்று வெப்ப எண்கள் போட்டிருப்பார்கள். சிறிய எண் தாக்குப்பிடிக்க, பெரிய எண் சுகமாகத் தூங்க. பெரிய எண் 5 டிகிரி அல்லது அதற்கும் கீழே இருக்கட்டும். நான் முதல்முறை சிறிய எண்ணை நம்பி வாங்கி, கொண்டுபோன சட்டை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அடியில் விரிக்கும் பாய் விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம், குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.

அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அங்கேயே வாங்குங்கள். ரெடிமேட் உப்புமா, புளிக்காய்ச்சல் இரண்டும் போதும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஊரில் காசுன்ஸியேய் என்ற பூரணம் வைத்த பாஸ்தாவைக் கேட்டுப் பாருங்கள்: உள்ளே பீட்ரூட், மேலே உருகிய வெண்ணெயும் கசகசாவும். நம் நாக்குக்கு முதல் வாய் இனிப்பாக இருக்கும், மூன்றாவது வாயில் பிடித்துவிடும்.

ஹெல்மெட், ஹெட்லேம்ப், மழை ஜாக்கெட், பிடிமானமுள்ள ஷூ, தபாக்கோ நிறுவனத்தின் 1:25,000 அளவிலான வரைபடம் எண் 03, இவையும் பையில் இருக்கட்டும்.

படி 5: மலை நாள்

காலை முதல் கேபிள் காரில் ஏறுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வழக்கம், சுரங்க வழியெங்கும் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி கட்டியிருக்கிறது, மின்னலில் அது ஆபத்து. மேலே பதுங்கு குழிகளைப் பார்த்துவிட்டு இத்தாலியச் சுரங்கம் வழியாக இறங்குவதுதான் புதியவர்களுக்குச் சரி. உள்ளே செங்குத்தான படிகள், ஈரம், கும்மிருட்டு. ஆங்காங்கே பாறையில் குடைந்த துப்பாக்கிச் சன்னல்கள் வழியே கணவாய் தெரியும். படம் எடுக்கும் வேகத்தில் இறங்காமல் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் வெளிப்புறப் பாதையில் வரலாம். இரவு விடுதியில் தங்குவதானால் இறங்குவதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பாறைகள் இளஞ்சிவப்பாகும், உள்ளூர் மக்கள் அதை என்ரோசாதிரா என்பார்கள்.

துருப்பிடித்த முள்கம்பி, தோட்டா கண்ணில் பட்டால் தொடாதீர்கள். வெடிக்காத குண்டும் இருக்கலாம். போர்ச் சின்னங்களைக் காக்க இத்தாலியில் 2001 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. ஆபத்து என்றால் 112.

படி 6: மழைக்கு ஒரு நாள்

ஒரு நாளைத் திட்டமில்லாமல் விட்டுவையுங்கள். வெயில் அடித்தால் சிங்குவே டோரிக்குப் போகலாம். பாறைக் கோபுரங்களின் காலடியில் இத்தாலியர்களின் பதுங்கு குழிகளைத் திறந்தவெளி அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். மழை என்றால் கணவாய் பஸ்ஸிலேயே ஏறி, ஊருக்குச் சற்று மேலே போக்கோலில் இறங்கிவிடுங்கள். 9,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் எச்சங்கள் அடக்கமான சதுரக் கற்கோபுரம் அங்கே இருக்கிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் பெயரே தெரியாது. திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள், மாலையில் பஸ் குறைவு.