ஸ்காட்லாந்து பாரிஷ் கணக்குகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் பழைய கிராமங்களைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் எடுப்பது 'ஸ்டாட்டிஸ்டிக்கல் அக்கவுண்ட்' தொகுதிகளைத்தான். 1790-இல் சர் ஜான் சின்க்ளேர் நாடெங்கும் இருந்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பாரிஷ்களின் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதிகளின்) போதகர்களுக்கு 160 கேள்விகளை அனுப்பினார். மண், மீன், கூலி, ஏழைகள் என்று அவர்கள் எழுதி அனுப்பியவை 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வந்தன. அருமையான புதையல். ஆனால் புதிதாக வருகிறவர்கள் ஒரே இடங்களில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். ஊர்ப்பெயரைத் தப்பாகப் படிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே சரியாகிவிடும்.

எழுதாததை 'இல்லை' என்று முடிவு கட்டுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். டம்ஃப்ரீஸ் பக்கம் இருக்கும் டன்ஸ்கோர் பாரிஷை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ராபர்ட் ரிடெல் என்ற நிலக்கிழார் தன் குத்தகைக்காரர்களைச் சேர்த்து ஒரு நூலகம் தொடங்கினார். சேரும்போது ஐந்து ஷில்லிங். நான்கு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை கூடும்போது ஆளுக்கு ஆறு பென்ஸ். மூன்று வருடத்தில் 150-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் சேர்ந்தன. ஏர் ஓட்டுகிறவர்கள் காசு போட்டு வாங்கிய புத்தகங்கள்!

பாரிஷ் போதகர் அனுப்பிய கணக்கில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த நூலகத்தை நடத்தியவர் அதே பாரிஷில் எல்லிஸ்லாந்து பண்ணையில் விவசாயம் பார்த்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். அவரே சின்க்ளேருக்கு எழுதி, 'ஒரு குடியானவன்' என்று கையெழுத்திட்டார். அந்தக் கடிதம் மூன்றாம் தொகுதியின் பின்னிணைப்பில் அச்சானதால்தான் நமக்கு விஷயம் தெரிகிறது. மற்ற பாரிஷ்களில் கடிதம் எழுத ஒரு பர்ன்ஸ் இல்லை.

போதகருக்குச் சம்பளம் கொடுத்தது அந்த பாரிஷின் நிலக்கிழார்கள். ஆகவே குத்தகை உயர்வையும் குடிகளை வெளியேற்றியதையும் பலர் மென்மையாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி போதகரின் கணக்கை மட்டும் நம்பி, தான் எடுத்த பாரிஷில் ஏழைகளே அரிது என்று ஓர் அத்தியாயம் முழுக்க எழுதிவிட்டார். அப்புறம் கிர்க் செஷன் (போதகரும் மூப்பர்களும் கொண்ட பாரிஷ் சபைக் குழு) பதிவேட்டைத் திறந்தால், விதவைகளுக்கும் முடியாதவர்களுக்கும் கொடுத்த சில்லறை பக்கம் பக்கமாக வருகிறது. மாதக்கணக்கான உழைப்பு வீண். கிர்க் செஷன் பதிவேடு, எஸ்டேட் காகிதங்கள், 1797-98 பண்ணைக் குதிரை வரிப் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அவற்றையும் பார்க்காமல் 'அங்கே அது இல்லை' என்று எழுதாதீர்கள்.

1755-ஓடு அப்படியே ஒப்பிடுவது

அலெக்சாண்டர் வெப்ஸ்டர் 1755-இல் திரட்டிய மக்கள்தொகை எண்ணிக்கை பெரும்பாலான கணக்குகளில் வரும். போதகர் தன் காலத்துக்குத் தந்த எண்ணிலிருந்து அதைக் கழித்துவிட்டு 'ஊர் வளர்ந்தது' என்று எழுதிவிடுகிறார்கள். சில போதகர்கள் சபையின் மத வினாவிடையைச் சொல்லும் வயது வந்தவர்களை மட்டுமே எண்ணினார்கள். சின்னக் குழந்தைகள் அதில் வரமாட்டார்கள். கணக்கில் எந்த எண் யாரைச் சேர்த்தது என்று பார்த்துவிட்டுக் கழியுங்கள்.

தொகுதியின் ஆண்டை எழுதிய ஆண்டாக எடுப்பது

இதே போன்ற பாரிஷ் கணக்குகளின், 1845-இல் முடிந்த இரண்டாவது வரிசையில் இது ஆபத்து. 1830-களில் எழுதி, பிறகு திருத்திய கணக்குகள் அதில் உண்டு. நடுவில் 1843-இல் ஸ்காட்லாந்து திருச்சபை பிளந்து 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறினார்கள். பல கணக்குகளின் கடைசியில் மாதமும் ஆண்டும் இருக்கும். அதைப் பாருங்கள்.

ஏக்கரை ஏக்கர் என்று நம்புவது

ஸ்காட்ஸ் ஏக்கர் ஆங்கில ஏக்கரைவிடக் கால் பங்குக்குச் சற்று அதிகம் பெரியது. தானியம் அளக்கும் 'போல்' (boll) என்ற அளவும் கோதுமைக்கு ஒன்று, பார்லிக்கு வேறு.

இன்றைய வரைபடத்தில் தேடுவது

வேண்டாம். 1891-ஐ ஒட்டி எல்லைகள் பல இடங்களில் மாறிவிட்டன.