பாய்க்கயிற்றுக்கு ஒரு தேக்குக் கொம்பு

சிறு பாய்மரப் படகில் கயிற்றைச் சுற்றிக் கட்டும் இரட்டைக் கொம்புக் கட்டைக்கு, கதவு நிலை செய்யும் பட்டறையில் மிஞ்சும் தேக்குத் துண்டே போதும். 6 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 100 மில்லிமீட்டர் நீளம் சரி. மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பலத்த காற்றில் கொம்பு முறியும்.

போல்ட் துளைகளை முதலில் போடுங்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதுதான் துளை நேராக இறங்கும். பிறகு கொம்புகளின் அடியை ரம்பத்தால் அறுத்து, அரத்தால் உருட்டுங்கள். கயிறு தொடும் இடத்தில் கூர்விளிம்பே இருக்கக்கூடாது. இந்த வேலையில் நான் அவசரப்படுவதே இல்லை. எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்.

கயிறு இழுபடும் திசைக்குச் சுமார் 15 பாகை சாய்த்துப் பொருத்துங்கள், சுற்று சிக்காது. வெறும் திருகாணி வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டைத் தளத்தின் ஊடே இறக்கி, அடியில் ஒட்டுப்பலகைத் துண்டு கொடுத்து முடுக்குங்கள்.