தெர்மல் கேமராவும் அல்ட்ராசவுண்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு நூற்பாலையில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் 11 கேவி பேனலின் ஐஆர் விண்டோ (கதவைத் திறக்காமலே சூட்டைப் படமெடுக்க உதவும் கண்ணாடி) வழியாக தெர்மல் கேமராவில் படம் எடுத்தார். எங்கும் சூடில்லை. "நல்லா இருக்குண்ணே" என்று அடுத்த பேனலுக்கு நகர்ந்துவிட்டார். காதுக்கு எட்டாத சத்தத்தை ஹெட்போனில் கேட்க வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி பையை விட்டு வெளியே வரவே இல்லை. என் ஆரம்ப காலத்தில் நானும் அப்படித்தான் நகர்ந்தேன்.

சூடில்லை என்றால் கோளாறில்லை என்று எழுதிவிடுவது

அன்று ரிப்போர்ட்டில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது வாரம், ஐப்பசி மழையில், விடியற்காலை ஃபிளாஷ்ஓவர், அதாவது இன்சுலேஷன் பரப்பைத் தாண்டி மின்சாரம் பாய்ந்துவிட்டது. மில் இரண்டு நாள் நின்றது. லைனை அணைத்து எர்த் செய்துவிட்டுத் திறந்து பார்த்தால், கேபிள் டெர்மினேஷன் (கேபிளின் முனை இணைப்பு) மேல் மரக்கிளை மாதிரி கரிக்கோடு. பக்கத்தில் வெள்ளைப் பொடி, அதில் ஒட்டிய பஞ்சுத் தூசி. ஒரே நாளில் வந்த கோடு இல்லை அது. நான் படம் எடுத்த அன்றும் அங்கே இருந்திருக்கும். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தூசியும் ஈரமும் சேர்ந்த இன்சுலேஷன் பரப்பில் கசியும் கரண்ட் மிகச் சிறியது. கேமராவில் தெரியும் அளவுக்குச் சூடு பெரும்பாலும் வராது. ஆனால் சத்தம் வரும். 40 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக் கேளுங்கள். கொரோனா (கம்பியைச் சுற்றிக் காற்றில் மின்சாரம் கசிவது) என்றால் ஒரே சீரான இரைச்சல். டிராக்கிங் (நான் பார்த்த கரிக்கோடு மாதிரி, பரப்பில் கசிவு பாதை போடுவது) என்றால் சத்தம் ஏறி ஏறி வந்து சட்டென்று அடங்கும், மறுபடி ஏறும். ஆர்க்கிங் (இடைவெளியைத் தாண்டி மின்பொறி பாய்வது) விட்டு விட்டு வெடிக்கும்.

அதனால் முதலில் காது, பிறகு கண். கதவு மூடியிருக்கும்போதே இடுக்குகளிலும் காற்றுத் துளைகளிலும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆர்க்கிங் கேட்டால் கதவில் கை வைக்காதீர்கள். கேஸ்கெட் (ரப்பர் அடைப்பு) போட்டு இறுக்கிய பேனலில் சத்தம் வெளியே வர வழியே இல்லை, அங்கே அமைதியையும் நம்ப முடியாது. கருவியின் காண்டாக்ட் புரோபை (தொட்டுக் கேட்கும் முனை) வெளித் தகட்டில் வைத்துப் பாருங்கள்.

காதை மட்டும் நம்பினாலும் ஏமாறுவீர்கள். லூஸான லக் (கேபிள் முனையில் போல்ட் போடும் உலோகத் துண்டு) சத்தமே இல்லாமல் சூடாகும்.

பளபளக்கும் பஸ்பாரை அளப்பது

பஸ்பார் என்பது பேனலுக்குள் கரண்டைக் கொண்டுபோகும் உலோகப் பட்டை. மெருகான செம்பின் எமிசிவிட்டி (தன் சூட்டைக் கதிராக வெளியிடும் திறன்) 0.1-க்கும் கீழே. கேமராவில் 0.95 என்று வைத்தால் அது காட்டுவது பஸ்பாரின் சூட்டை அல்ல, எதிரே நிற்கும் உங்கள் உடம்புச் சூட்டின் பிரதிபலிப்பை. ஷட்டவுன் கிடைக்கும்போது கருப்பு எலெக்ட்ரிக்கல் டேப் ஒரு துண்டு ஒட்டி வையுங்கள், பிறகு அதன் மேல் அளக்கலாம்.

லோடு இல்லாத நேரம் போவது

பாதி லோடில் கால் பங்கு சூடுதான். 40 சதவீதத்துக்குக் குறைந்தால் போகாதீர்கள்.

ஸ்டீம் டிராப்

நீராவியை விடாமல், சேர்ந்த தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு இது. நல்ல டிராப்பும் சூடு, ஒழுகும் டிராப்பும் சூடு. கேட்டுப் பாருங்கள்.

பேரிங்கின் முதல் டெசிபலைக் குறிக்காமல் விடுவது

சூடு ஏறும்வரை காத்திருந்தால் பேரிங் பாதி போயிருக்கும். பழைய அளவைவிட 8 டெசிபல் ஏறினால் கிரீஸ் குறைவு. ஹெட்போனை மாட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். சத்தம் இறங்கியதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் அடித்தால் மறுபடி ஏறும். பழைய அளவு எழுதி வைக்காதவருக்கு இந்த 8 எங்கிருந்து வரும்?